நான்கு ரசீதுகள், ஒரு வேவர்: கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஒரு கராஜில் வாகன ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். ஆய்வாளர் சான்று பெற்று ஓராண்டுதான் ஆகிறது. 2009 மாடல் கார் ஒன்று எங்களிடம் வந்து புகை ஆய்வில் தேறவில்லை. செக் என்ஜின் விளக்கு எரிந்தது, பி0420 கோட் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காரின் கணினி காட்டும் குறி). எங்கள் கோயிலுக்கு வரும் பெரியவர் ஒருவரின் கார் அது. ஓய்வு பெற்றவர். மூன்று வாரம் கழித்து நான்கு ரசீதுகளோடு வந்தார். போன குளிர்காலத்தில் இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்குகளும் மாற்றியதற்கு 180 டாலர். என்ஜின் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றியதற்கு 96. இணையத்தில் வாங்கிய ஆக்சிஜன் சென்சார் 140. அதை அவர் மகன் வீட்டிலேயே பொருத்தியிருக்கிறார். எங்கள் கராஜில் ஸ்கேன் பார்த்ததற்கு 120. ஆக மொத்தம் 536. மறு ஆய்வில் விளக்கு எரியவில்லை. ஆனால் இரண்டு மானிட்டர்கள் தயார் நிலையில் இல்லை என்று வந்து மறுபடியும் தேறவில்லை. “செலவு 450 டாலரைத் தாண்டிவிட்டது, வேவர் (புகை ஆய்வில் தேறாத காருக்குத் தரும் விலக்கு) போட்டுக் கொடு, வயதானவரை அலைய வைக்காதே” என்கிறார் முதலாளி. “சட்டத்திலேயே இடம் இருக்கிறதாமே தம்பி” என்று பெரியவரும் கேட்கிறார். நான் தயங்கியதும், “உன் ஆய்வாளர் அட்டையைக் கொடு, நானே போட்டுக்கொள்கிறேன்” என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குயின்ஸ்

பதில்:

தம்பி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் இந்தக் காருக்கு வேவர் கொடுக்கக் கூடாது. முதலாளியின் கணக்கில் ஒன்றல்ல, நாலைந்து ஓட்டைகள் இருக்கின்றன. பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. சட்டத்தில் இடம் இருக்கத்தான் செய்கிறது. அந்த இடத்தை யாருக்காக ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால் உங்கள் தயக்கம் சரியானதுதான் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தை 1990-இல் திருத்தியபோது, காற்று மிகவும் கெட்டுப்போயிருந்த பெருநகரப் பகுதிகளுக்குக் கடுமையான வாகனப் புகை ஆய்வு முறையைக் கொண்டுவந்தார்கள். தேறாத கார் சாலைக்கு வரக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால், பழைய காரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? 1,500 டாலர் பெறாத காருக்கு 2,000 டாலர் செலவு செய் என்று சொல்வது நியாயமில்லை. எனவே ஒரு வரம்பு கட்டினார்கள். கோளாறுக்கு உரிய பழுதை, தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து, குறைந்தது 450 டாலர் செலவழித்துப் பார்த்தும் கார் தேறவில்லை என்றால், அடுத்த ஆய்வு வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாம். அந்தத் தொகையை விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போகவும் சட்டத்தில் வழி உண்டு. வர்ஜீனியா அப்படி ஆண்டுதோறும் ஏற்றுகிறது. நியூயார்க்கில் 450.

முதலாளி இதில் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். எதற்குச் செலவானது, யார் வேலை பார்த்தது, எப்போது பார்த்தது, அதற்குப் பிறகும் கார் தேறவில்லையா என்று நான்கு கேள்விகள் அதற்கு முன்னால் நிற்கின்றன. நான்குக்கும் விடை கிடைத்த பிறகுதான் தொகை பேச்சுக்கே வர வேண்டும்.

நியூயார்க்கில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கலிபோர்னியாவில் வேவர் வேண்டுமென்றால் ரெஃப்ரி என்று அழைக்கப்படும் தனி மையத்துக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும். சாதாரண ஆய்வு நிலையம் அதைக் கொடுக்க முடியாது. இங்கே அந்த அதிகாரம் ஆய்வு நிலையத்தின் கையிலேயே இருக்கிறது. வாடிக்கையாளரை முகத்துக்கு நேரே பார்ப்பவரும், அவரிடம் பணம் வாங்குபவரும், விலக்கு கொடுப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதானா என்று கேட்டால், எனக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. ஆனால் ஏற்பாடு அப்படி இருக்கும்வரை, “முடியாது” என்று சொல்ல வேண்டிய சங்கடமும் ஆய்வாளரின் தலையில்தான்.

இனி காருக்கு வருவோம். ரசீதுகளைத் தொடுவதற்கு முன்பே இந்த வேவர் அடிபட்டுப் போகிறது. மறு ஆய்வில் இரண்டு மானிட்டர்கள் தயாராக இல்லை என்கிறீர்கள். 1996 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களில் உள்ள கணினி, கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி வெளியேறாமல் தடுக்கும் அமைப்பு முதலியவற்றைத் தானே சோதித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனைகளைத்தான் மானிட்டர்கள் என்கிறோம். பேட்டரியைக் கழற்றினாலோ ஸ்கேனரால் கோளாறுக் குறிகளை அழித்தாலோ, அதுவரை நடந்த சோதனைகள் எல்லாம் அழிந்து, கணினி முதலிலிருந்து தொடங்கும். 2001 முதல் வந்த மாடல்களுக்கு ஒரு மானிட்டர் தயாராக இல்லாமலிருந்தால் விட்டுவிடலாம். இரண்டு என்றால் விட முடியாது. மகன் சென்சாரை மாட்டியதும் அந்தக் கோளாறுக் குறியை அழித்திருப்பார், அல்லது பேட்டரி வயரைக் கழற்றியிருப்பார். விளக்கு அணைந்த காரணம் அதுதான். கன்வர்ட்டர் தேறுகிறதா இல்லையா என்று அந்தக் கார் இன்னும் வாயையே திறக்கவில்லை. வேவர் என்பது பழுது பார்த்தபிறகு நடந்த மறு ஆய்வில் தோற்ற காருக்கு. இந்தக் கார் தோற்கவுமில்லை, ஜெயிக்கவுமில்லை. ஒருவேளை அந்தச் சென்சாரே சரி செய்துவிட்டிருந்தால்? தேறியிருக்க வேண்டிய காருக்கு விலக்கு எழுதிக் கொடுத்தவராவீர்கள்.

பெரியவர் முதலில் செய்ய வேண்டியது காரை ஓட்டுவது. ஒவ்வொரு கம்பெனியும் அந்தந்த மாடலுக்கு ஓர் ஓட்டு முறை வகுத்திருக்கிறது. பொதுவாக இரவு முழுவதும் நின்று குளிர்ந்த காரை எடுத்து, கொஞ்ச நேரம் ஊருக்குள் ஓட்டி, பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சில நிமிடங்கள் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மிஞ்சாமலும் இருப்பது நல்லது. நிரம்பி வழிந்தாலோ காலியாக இருந்தாலோ ஆவித் தடுப்பு மானிட்டர் ஓடாது. குயின்ஸ் ஆள் நீங்கள். லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயில் காலை எட்டு மணிக்கு ஒரே வேகம் என்பது நடக்கிற காரியமா? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போகச் சொல்லுங்கள். ஆய்வு ஸ்டிக்கர் காலாவதியாகும் தறுவாயில் இருந்து, தயார்நிலை ஒன்றுதான் குறை என்றால், மோட்டார் வாகனத் துறையிடம் பத்து நாள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அவருக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள். முதலாளி சொல்லும் அலைச்சலைக் குறைக்க நேர்மையான வழி இதுதான்.

ஓட்டிவிட்டு வந்த பிறகும் அதே பி0420 வந்தால் அப்போது ரசீதுகளை எடுத்துப் பார்க்கலாம். அப்படியே வைத்துக்கொண்டு பார்ப்போம்.

காயில், ஸ்பார்க் பிளக் ரசீது 180 டாலர். இந்த இரண்டும் புகை சம்பந்தப்பட்ட பாகங்கள்தான். மத்திய அரசின் புகை ஆய்வு விதியிலேயே பெயர் சொல்லி வருகின்றன. ஆனால் போன குளிர்காலத்து வேலை. ஆய்வுத் தேதியை ஒட்டி 60 நாட்களுக்குள் நடந்த பழுதைத்தான் மத்திய விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதோடு, அது அப்போது வந்த மிஸ்ஃபயருக்கான (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதற்கான) வேலை. இன்றைய தோல்விக்கானது அல்ல. சேராது. ஆனாலும் அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

ஆயிலும் ஏர் ஃபில்டரும் 96. இது பராமரிப்பு. கோளாறே இல்லாத காருக்கும் செய்கிற வேலை. பி0420-க்கு ஆயில் மாற்றுவது மருந்து என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். சேராது.

மகன் பொருத்திய சென்சார் 140. நான்கு ரசீதுகளில் அதிகம் யோசிக்க வேண்டியது இதுதான். பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் செய்த வேலையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. வீட்டில் செய்த வேலைக்குக் கூலி என்று ஒரு சென்ட் கூடச் சேராது. ஆனால் ஆக்சிஜன் சென்சார், கேட்டலிடிக் கன்வர்ட்டர், பெட்ரோல் மூடி, பி.சி.வி. வால்வு, ஸ்பார்க் பிளக் போன்ற குறிப்பிட்ட சில பாகங்களை உரிமையாளரே மாற்றியிருந்தால், பாகத்தின் விலையை மட்டும் சேர்த்துக்கொள்ள மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று மத்திய விதி இடம் கொடுத்திருக்கிறது. சரி, பெரியவர் பக்கமே சாய்ந்து 140-ஐயும் சேர்ப்போம்.

உங்கள் கராஜ் ஸ்கேன் கட்டணம் 120. ஒரு பழுதுக்காகக் கோளாறைத் தேடிய வேலை அந்தப் பழுதின் கூலியோடு ஒன்றாகக் கருதத் தக்கது. அதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஸ்கேன் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதாலேயே காய்ச்சல் இறங்கிவிடாது. இதையும் தாராள மனசோடு சேர்த்தால் மொத்தம் 260. முதலாளியின் 536 எங்கே, இது எங்கே?

நான்கு ரசீதுகளையும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். கன்வர்ட்டருக்கோ அதன் பக்கத்திலுள்ள எக்ஸாஸ்ட் குழாய்க்கோ எந்த வேலையும் நடந்ததாக ஒரு ரசீதும் சொல்லவில்லை. கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கணினி புகார் சொல்கிறது. அதைத் தொடாமலே 536 டாலர் செலவாகியிருக்கிறது. பழுது, தோல்விக்குக் காரணமானதற்குப் பொருந்த வேண்டும் என்று விதி சொல்வதன் பொருள் இதுதான்.

அடுத்தது கண்ணால் பார்க்கும் சோதனை. நம் ஆட்கள் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மாற்றியது கண்ணுக்குத் தெரியக்கூடிய பாகமாக இருந்தால், மாற்றினார்களா என்று பார்த்தே ஆக வேண்டும். ரசீதை மட்டும் நம்பக் கூடாது. காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் மாட்டிய ஆக்சிஜன் சென்சார் என்றால் உலோகம் இன்னும் பளபளக்கும். வயர் உறை புதிதாக இருக்கும். மரையின் ஓரத்தில், இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை சாம்பல் நிறத்தில் தெரியும். அறுகோணத் தலை துருப்பிடித்துச் சிவந்து குழாயோடு ஒட்டிக் கிடந்தால் அது குயின்ஸின் பல குளிர்கால உப்பைப் பார்த்த பழைய சென்சார். அப்படியானால் 140 டாலர் ரசீதுக்கு உரிய பொருள் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. எந்தச் சென்சார் என்பதையும் பாருங்கள். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். பின்னால் இருப்பதை மாற்றி, அதற்கும் குழாய்க்கும் நடுவே விரல் நீளத்தில் ஓர் இடைத்துண்டு மாட்டியிருந்தால், அது சென்சாரைப் புகை ஓட்டத்திலிருந்து விலக்கிக் கணினியை ஏமாற்றும் வேலை. இணையத்தில் சில டாலருக்குக் கிடைக்கிறது. மகன் நல்ல எண்ணத்தோடே, ஏதோ காணொளியைப் பார்த்து மாட்டியிருக்கலாம். ஆனால் அது மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தில் கைவைத்தது ஆகிவிடும். அந்த நிலையில் உள்ள காருக்கு வேவர் கிடையாது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் 450-இல் சேராது. கன்வர்ட்டரையே எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்த காருக்கும் இதே விதிதான். திருடன் அறுத்துக்கொண்டு போயிருந்தாலும் சரி, கன்வர்ட்டரை மாட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

ரசீதையும் ஒரு பொருளைப் பார்ப்பதுபோலவே பாருங்கள். பதிவு பெற்ற கடையின் பெயரும் எண்ணும், தேதி, ஓடோமீட்டர் அளவு, எந்தக் கார் என்ற அடையாளம், பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற பிரிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘எமிஷன் ரிப்பேர் — 450’ என்று ஒரே வரியில், சொல்லிவைத்தாற்போல் உருண்டையான தொகையோடு வரும் ரசீதைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒருமுறை வேவருக்குக் காட்டிய ரசீதை மறுமுறை காட்ட முடியாதபடி பார்த்துக்கொள்வதும், திருத்திய ரசீதை ஏற்காமலிருப்பதும் மாநிலத்தின் கடமை என்று மத்திய விதி சொல்கிறது. மாநிலம் அதை உங்கள் கண்ணை வைத்துத்தான் செய்கிறது. நகல் எடுத்து ஆய்வுப் பதிவோடு சேர்த்து வையுங்கள்.

வாரன்டியைப் பற்றி ஒரு வரி. கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் என்ஜின் கணினிக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை மத்தியச் சட்டப்படி வாரன்டி உண்டு. 2009 காருக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நாளைக்கு ஆறு வருடக் கார் ஒன்று இதே கோடோடு வந்தால், முதலில் டீலரிடம் அனுப்புங்கள். வாரன்டியில் இலவசமாக நடக்க வேண்டிய வேலைக்குக் கையிலிருந்து செலவழித்துவிட்டு வேவர் கேட்க முடியாது. டீலர் மறுத்தால் அதை எழுத்தில் வாங்கி வரச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் குளிர்கால ரசீதுக்கு வருகிறேன். காயில் கெட்டு மிஸ்ஃபயர் ஆன காரைப் பெரியவர் எத்தனை நாள் அப்படியே ஓட்டினார் என்று கேளுங்கள். தீப்பொறி கிடைக்காத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேனடை போன்ற பீங்கான் உருகிவிடும். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுவது அதற்கான எச்சரிக்கை. பலர் அதை மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அப்படி நடந்திருந்தால் இன்றைய பி0420-க்கு அன்றைய காயில்தான் தொடக்கம். சென்சாரை மாற்றிப் பயனில்லை.

இதைப் பரிசோதிப்பது உங்கள் கராஜுக்கே பெரிய வேலை இல்லை. என்ஜின் சூடானபின் ஸ்கேனரில் பின் சென்சாரின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். கன்வர்ட்டர் உயிரோடு இருந்தால் திரையில் அந்த மின்னழுத்தம் பெரிதாக ஆடாமல் போகும். செத்துவிட்டிருந்தால் விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு முன் எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புக் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரைக் குழப்பி, நல்ல கன்வர்ட்டரைக் கெட்டது என்று காட்டும். கேஸ்கெட்டும் கூலியும் சேர்ந்து கன்வர்ட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அந்த மாடலுக்குக் கம்பெனி கணினி மென்பொருளில் திருத்தம் ஏதாவது வெளியிட்டிருக்கிறதா என்றும் டீலரிடம் கேட்கலாம்; சில மாடல்களில் பி0420 வருவது அதோடு நின்றுவிடுவதுண்டு.

கன்வர்ட்டரேதான் என்றால் செலவு கூடுதல். வெளிக் கம்பெனிக் கன்வர்ட்டர் போட்டாலும், நியூயார்க்கில் கலிபோர்னியாவின் ஒப்புதல் பெற்றதைத்தான் விற்க வேண்டும், பொருத்த வேண்டும். ஒப்புதல் எண் அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு மாநிலத்திலிருந்து வரவழைத்ததை மாட்டாதீர்கள். பெரியவர் கன்வர்ட்டரை மாற்றிவிட்டால் பெரும்பாலும் கார் தேறிவிடும், வேவர் தேவைப்படாது. அவ்வளவு பணம் இல்லை என்றால், கசிவு, வயரிங், சென்சார் என்று காரணத்தோடு தொடர்புள்ள பழுதுகளைப் பதிவு பெற்ற கடையில் செய்து, அந்தச் செலவு 450-ஐத் தொட்டு, மானிட்டர்கள் எல்லாம் ஓடி முடிந்து, அதே கோடு திரும்பி வந்து, மறு ஆய்வில் தோற்று, மற்ற பாதுகாப்புச் சோதனைகளிலும் கண் சோதனையிலும் கார் தேறினால், அன்றைக்கு அவருக்கு வேவர் கொடுங்கள்.

அன்றைக்குத் தயங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து, “எங்கள் கடையில் வேவரே போடுவதில்லை” என்று கையை விரிக்கும் நிலையங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தகுதியுள்ளவருக்குச் சட்டம் கொடுத்ததை மறுக்க நாம் யார்? 700 டாலருக்கு வேலை பார்த்துவிட்டு, “இன்னும் கன்வர்ட்டரும் போட்டால்தான் ஸ்டிக்கர்” என்று கறப்பவரும், ஆயில் மாற்றிய ரசீதுக்கு வேவர் போடுபவரும் எனக்கு ஒன்றுதான். வேவர் கொடுக்கும்போது பெரியவரிடம் இரண்டு சங்கதி சொல்லுங்கள்: விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், புதிதாக வேறு கோளாறு வந்தால் அது தனியாகத் தெரியாது; இந்த விலக்கு ஓர் ஆய்வுச் சுற்றுக்கு மட்டும், அடுத்த ஆண்டு எல்லாம் முதலிலிருந்து.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? தனியாக, கடை மூடும் நேரத்தில், அவருடைய உரிமத்தைப் பற்றிப் பேசுங்கள். தவறாகக் கொடுக்கும் ஒவ்வொரு சான்றும் தனித்தனி மீறல். மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பினால் நிலையத்தையும் ஆய்வாளரையும் சேர்த்தே விசாரணைக்கு அழைக்கும். அபராதம், உரிம நிறுத்தம், உரிமப் பறிப்பு வரை போகலாம். எந்த நிலையம் எத்தனை வேவர் கொடுக்கிறது என்பது கணினியில் சேர்ந்துகொண்டே இருக்கிறது; வேவர் விகிதத்தை மாநிலங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் முகமைக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே கோளாறு வைத்த காரைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்பிச் சோதிக்கும் வழக்கமும் மத்திய விதியிலேயே இருக்கிறது. கோயில் பெரியவர் அப்படி வந்தவர் அல்ல என்பது சரி. அடுத்து வருகிறவர் யார் என்று முதலாளிக்குத் தெரியுமா? பொய்யான விவரத்தைத் தெரிந்தே பதிவு செய்வது தூய காற்றுச் சட்டத்தின்கீழ் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. 37 டாலர் ஆய்வுக் கட்டணத்துக்கு யாராவது இதைச் செய்வார்களா என்று கேளுங்கள். முதலாளிகளுக்குக் கணக்கு புரியும்.

பெரியவரிடம் நேரில் பேசுங்கள். முதலாளி மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். “ஐயா, இப்போதைக்கு வேவர் போட முடியாது, ஆனால் உங்கள் கார் தேறவே வாய்ப்பிருக்கிறது, இந்த ஞாயிறு இப்படி ஓட்டிவிட்டு வாருங்கள்” என்று தொடங்கினால் அவர் கேட்பார். ஆய்வில் ஏன் தேறவில்லை என்ற அறிக்கையின் நகலும், எந்த ரசீது ஏன் சேராது என்று ஒரு தாளில் எழுதியதும் கையில் கொடுங்கள். வேறு கடைக்குப் போனாலும் அவருக்குப் பயன்படும். மகனையும் கூப்பிட்டு, எந்தச் சென்சாரை மாற்றினார், இடையில் ஏதாவது மாட்டினாரா என்று கோபமில்லாமல் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, அந்த அட்டை. அது உங்கள் பெயரில் உள்ள சான்று. இயந்திரத்தில் அதை வைத்துத் தொடங்கும் ஒவ்வோர் ஆய்வும் நீங்கள் செய்ததாகவே பதிவாகும். முதலாளி போட்டார் என்று பிறகு விசாரணையில் நிரூபிப்பது மிகவும் கடினம். கடையில் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அட்டை உங்கள் பையில் இருக்கட்டும். ஏற்கெனவே அவர் கையில் கொடுத்திருந்தால், திரும்ப வாங்கிக்கொண்டு, இதுவரை உங்கள் பெயரில் நடந்த ஆய்வுகளின் பட்டியலை எடுத்து, நீங்கள் விடுப்பில் இருந்த நாட்களில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மோட்டார் வாகனத் துறை கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல், ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு நீங்களே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.